பூட்டிய வீடும் விளக்குப் பிடித்த வீடும்

நெதர்லாந்து பாலியல் விஷயத்தில் பிறவியிலேயே தாராளமான நாடு என்று பலரும் நினைக்கிறார்கள். 1911இன் ஒழுக்கச் சட்டம் அந்த நினைப்பைக் கலைத்துவிடும். கருத்தடைச் சாதனங்களைக் கடையில் பார்வைக்கு வைப்பதே அங்கே குற்றமாக இருந்தது. அமெரிக்காவில் இன்னும் முன்னதாக, 1873இல், அவற்றையும் அவை பற்றிய தகவல்களையும் தபாலில் அனுப்பத் தடை விதித்த காம்ஸ்டாக் சட்டம் வந்தது. இரு வீட்டுக்கும் ஒரே பூட்டு. திறந்த விதம்தான் வேறு.

நெதர்லாந்தின் டச்சுக்காரர்கள் சட்டத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பொதுவில் விற்கத்தானே தடை? சங்க உறுப்பினருக்குக் கொடுக்கலாமே! 1946இல் தொடங்கிய என்விஎஸ்ஹெச் என்ற பாலியல் சீர்திருத்தச் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு ஆணுறை முதலியவை கிடைத்தன. 1960களின் நடுவில் உறுப்பினர்கள் 2 லட்சத்தைத் தாண்டினர். அத்தனை பேரும் சீர்திருத்த வேட்கையால்தான் சேர்ந்தார்கள் என்று நான் நம்பவில்லை.

1963இல் கத்தோலிக்க ஆயர் பெக்கர்ஸ் தொலைக்காட்சியில் தோன்றி, எத்தனை பிள்ளைகள் என்பதைத் தம்பதியின் மனச்சாட்சிதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். தடுக்க வேண்டியவரே வழிவிட்டார். அமெரிக்காவிலோ பாலியல் விஷயம் அரசியல் சண்டையாகவே நீடித்தது. 1996இல், திருமணம்வரை உடலுறவிலிருந்து விலகியிருப்பதை மட்டுமே வலியுறுத்தும் வகுப்புகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது.

ஆனால் வித்தியாசம் வகுப்பறையில் இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. சமூகவியலாளர் ஏமி ஷாலெட் இரு நாட்டுப் பெற்றோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: பதின்வயது மகளோ மகனோ காதலிப்பவருடன் உங்கள் வீட்டில் இரவு தங்கலாமா? அமெரிக்கர்களில் பெரும்பாலோர் முடியாது என்றார்கள். டச்சுப் பெற்றோர் பெரும்பாலும் சம்மதித்தார்கள், நிபந்தனைகளோடு: உறவு நிலையானதாக இருக்க வேண்டும், பிள்ளை தயாராக இருக்க வேண்டும், கருத்தடைக்கு வழி செய்திருக்க வேண்டும். அந்தக் காதலன் மறுநாள் காலை அவர்களோடு உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவ வேண்டும் அல்லவா? வேலி போட இதைவிடச் சாமர்த்தியமான வழி இருக்க முடியாது.

பாலியல் கல்வியை டச்சுக்காரர்கள் 'ஃபோர்லிஹ்திங்' என்கிறார்கள். முன்னால் வெளிச்சம் காட்டுவது என்று பிரிக்கலாம். நம் 'விளக்கம்' என்ற சொல்லுக்குள்ளும் ஒரு விளக்கு இருக்கிறது.

1991இல் 15 முதல் 19 வயதுவரையிலான ஆயிரம் அமெரிக்கப் பெண்களுக்குச் சுமார் 62 பிரசவங்கள். நெதர்லாந்தில் அது பத்தைத் தொடவில்லை. இதைப் பாடத்திட்டத்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது அவசரம். தயக்கமின்றி மாத்திரை எழுதித் தரும் குடும்ப மருத்துவருக்கும், அதன் செலவை ஏற்ற காப்பீட்டுக்கும் பங்குண்டு. அமெரிக்க எண்ணிக்கையும் பின்னர் 20க்குக் கீழே இறங்கிவிட்டது.

டச்சு வீட்டிலும் சண்டை இல்லாமல் இல்லை. பள்ளிகளில் பாலியல்பு பற்றிய பாடம் கட்டாயமானதே 2012இல்தான். தொடக்கப் பள்ளிகளில் வசந்தகாலத்தில் நடக்கும் 'வசந்தக் குறுகுறுப்பு வாரம்' 2023இல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. பிஞ்சுகளுக்கு உடலுறவு கற்பிக்கிறார்கள் என்று வதந்தி பறந்தது. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அந்த வாரத்தில் சொல்லித் தருவது, யாராவது கட்டிப்பிடிக்க வரும்போது பிடிக்கவில்லையென்றால் 'வேண்டாம்' என்று சொல்லத்தான்.