கோம்பையா, ராட்வீலரா, தெருக்குட்டியா?

உசிலம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் கேட்டான். "அண்ணே, காவலுக்கு ராட்வீலர் எடுக்கவா, கோம்பை எடுக்கவா? எது நல்லாக் கடிக்கும்?" அவன் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இனத்தைப் பார்ப்போம். கோம்பை நமக்குப் பக்கத்து நாய். தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊரின் பெயர்தான் நாய்க்கும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழகிய இனம், அந்நியரை லேசில் அண்ட விடாது. ராட்வீலர் ஜெர்மனியில் மாடு ஓட்டவும் கறிக்கடைக்காரர்களின் வண்டியிழுக்கவும் இருந்த நாய். ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டும், கோம்பை ஏறக்குறைய அதில் பாதி. இரண்டுக்கும் ஒரே அளவு கோபம் வந்தாலும் கடிபடுகிறவருக்கு அது ஒன்றல்ல. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியது பலருக்கு நினைவிருக்கும்.

பிறப்பில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வளர்ப்புதான் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோவியத் நாட்டில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி 1959இல் நரிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். மனிதரிடம் சாதுவாக இருந்த நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளிலேயே ஆளைக் கண்டு வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. சீறுகிற நரிகளைத் தனியாகப் பெருக்கியபோது குட்டிகளும் சீறின. ஆக, கோபம் ரத்தத்தில் வரும். ஆனால் அது தாய் தகப்பன் குணத்தோடு வருகிறது, இனத்தின் பெயரோடு அல்ல. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்கிறது. போட்டோவை மட்டும் பார்த்துக் குட்டி வாங்காதே, தாயைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே என்று தம்பியிடம் சொன்னது இதனால்தான்.

வளர்ப்பு என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கோம்பை போட்ட குட்டிகளில் இரண்டு பெட்டைகளை இரண்டு இடங்களுக்குக் கொடுத்தோம். ஒன்று வாடிப்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போனது. அக்கா இட்லி மாவு விற்பவள். காலையும் மாலையும் கிண்ணத்தோடு ஆள் வந்துகொண்டே இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுக்கும். அந்த நாய் புது ஆளைக் கண்டால் குரைக்கும். "சும்மா இரு" என்று அக்கா சொன்னால் படுத்துக்கொள்ளும். கடைசிவரை யாரையும் கடித்ததில்லை.

மற்றது ஒரு தோப்புக்குப் போனது. போன நாள் முதல் மோட்டார் ரூம் பக்கத்தில் நான்கடிச் சங்கிலி. அது பார்த்த மனிதர்கள் இரண்டே பேர். சோற்றுத் தட்டைக் குச்சியால் தள்ளிவிடுவார்கள். வேலிக்கு வெளியே பையன்கள் கல்லெறிவார்கள், அது துள்ளுவதைப் பார்த்துத் தோப்புக்காரருக்குப் பெருமை. ஒன்றரை வயதில் மரமேற வந்தவரின் கெண்டைக்காலைக் கவ்வியது. அடுத்த மாதம் சோறு போட்டவரின் கையையே கடித்தது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை மனதில் பதிவதுதான் பிற்பாடு அதற்குப் பழகின உலகம். அந்த நாள்களில் குழந்தை, குடை, சைக்கிள், வேட்டி கட்டியவர் என்று எதையெல்லாம் பார்க்கவில்லையோ, அதையெல்லாம் வளர்ந்தபின் சந்தேகப்படும். கட்டிப்போட்டால் ஓடித் தப்பிக்க வழியில்லாததால் பயம் கடியாக மாறும். அமெரிக்காவின் டென்வரில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், கடித்த நாய்களில் சங்கிலியில் கிடந்தவையும் கருத்தடை செய்யாத ஆண்களும் அதிகம். இனத்தில் ஜெர்மன் ஷெப்பர்டும் கடித்தவற்றில் அதிகம் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

ராஜபாளையம் வேண்டுமானால் ஒரு விஷயம். அந்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது தொட்டால் பதறிக் கடிப்பதை ஊரில் 'கோபக்கார நாய்' என்று சொல்லிவிடுவார்கள். குட்டியின் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்து வாங்க வேண்டும். சிப்பிப்பாறை முயல் விரட்டும் நாய், அதைக் காவலுக்குக் கட்டிப்போடுவது பாவம்.

தெருக்குட்டியை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மதுரைத் தெருவில் பிறந்த குட்டி கண் திறந்ததிலிருந்து ஆட்டோவையும் ஆட்டையும் ஆளையும் பார்க்கிறது. நாம் மெனக்கெட்டுப் பழக்க வேண்டியதில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அடிபட்டுப் பயந்த குட்டியாக இல்லாமல் பார்த்து எடுத்து, தடுப்பூசி போட்டால் போதும். தோப்புக்குக் குரைக்கிற நாய் வந்தாலே திருடன் திரும்பிப் போவான்.

2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வீலர், பிட்புல் உட்பட 23 இனங்களுக்குத் தடை கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தடை நீடித்திருந்தாலும் அந்தத் தோப்புக்காரர் கையில் எந்தக் குட்டி போயிருந்தாலும் அதே கதிதான் ஆகியிருக்கும்.

தம்பிக்கு என் பதில் இது. ராட்வீலர் வேண்டாம். நாய் கெட்டது என்பதால் அல்ல. அந்த எடைக்கு முன்னால் ஒரு தடவை தவறு நடந்தாலும் பிள்ளை தாங்காது. ராத்திரி தோப்பில் நீ தங்குவதாக இருந்தால் கோம்பைப் பெட்டை எடு, பகலில் கம்பி வலைக்குள் விடு, ராத்திரி வேலிக்குள் அவிழ்த்துவிடு. நாலு மாதம்வரை தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து, நீ பக்கத்தில் இருக்கும்போது பிள்ளையோடு பழக்கு. தங்க முடியாதென்றால் எந்த நாயும் வேண்டாம்.

கோம்பை ஊரில் தெரிந்தவர் வீட்டில் எட்டு வாரக் குட்டிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வா என்றேன், குட்டிபோட்ட நாய் பக்கத்தில் குழந்தை போகக் கூடாது. தாய் நாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.