விர்ச்சுவல் சேசிஸ், டெல்டா மழை, கமிட் சிங்க்ரனைஸ்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஜூனிப்பர் நிறுவனத்தின் இஎக்ஸ்3400 ஸ்விட்சுகளை விர்ச்சுவல் சேசிஸாக, அதாவது பல பெட்டிகள் ஒரே ஸ்விட்சாக இயங்கும்படி, கோத்திருக்கிறோம். வாங்கும்போது எல்லாரும் புகழ்ந்தது ஒரே ஐபி, ஒரே லாகின் என்ற வசதியை. நல்ல வசதிதான், ஆனால் அது ஒரு மாதத்தில் பழகிவிடும். வருஷக்கணக்கில் ஓட்டிய பிறகு எனக்குக் கவலையெல்லாம் ஒன்றுதான்: மாஸ்டரில் (மொத்தத்தையும் நடத்தும் பெட்டி) செய்த மாற்றம் பேக்கப்பிலும் (அதற்கு மாற்றாகக் காத்திருக்கும் பெட்டி) இருக்கிறதா?

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கரண்டை நம்ப முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த பகுதி இது. யுபிஎஸ் கைவிட்டு மாஸ்டர் அணைந்தால் பேக்கப் பொறுப்பேற்கும். அந்த நேரத்தில் அதனிடம் பழைய கான்ஃபிக் (அமைப்புக் கட்டளைகளின் தொகுப்பு) இருந்தால் நேற்று சேர்த்த வி-லேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) இன்று காணாமல் போகும். அதனால் சிஸ்டம் பகுதியில் 'கமிட் சிங்க்ரனைஸ்' வரியை நிரந்தரமாகப் போட்டுவிட்டோம். அப்புறம் வெறும் கமிட் (மாற்றத்தை அமலாக்கும் கட்டளை) அடித்தாலே போதும், இரண்டு ரூட்டிங் என்ஜினுக்கும், அதாவது மாஸ்டர், பேக்கப் இரண்டின் மூளைக்கும், போய்ச் சேரும். கிரேஸ்ஃபுல் ஸ்விட்ச்ஓவர் (மாஸ்டர் மாறும்போது இணைப்பு தடைப்படாமல் இருக்கும் ஏற்பாடு) வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

ஆனால் சரியானது பரவும் அதே வேகத்தில் தவறும் பரவும். ஹாஸ்டல் டிரங்கில் (பல வி-லேன்களைச் சுமக்கும் இணைப்பு) ஒரு வி-லேனை மாற்றப் போன பயிற்சித் தம்பி, மொத்த வி-லேன் பட்டியலையும் அழித்துவிட்டான். தனித்தனி ஸ்விட்சாக இருந்தால் ஒரு பெட்டியோடு போயிருக்கும். இங்கே கமிட் ஆன கையோடு பேக்கப்பிலும் அதே தவறு உட்கார்ந்துகொண்டது. காப்பாற்றியது 'கமிட் கன்ஃபர்ம்ட்'. நிமிஷம் குறிப்பிடாவிட்டால் 10 நிமிஷம் காத்திருக்கும். அதற்குள் மறுபடி கமிட் கொடுக்காவிட்டால் பழைய கான்ஃபிக்குக்குத் தானே திரும்பிவிடும். சிங்க்ரனைஸ் போட்டவர்கள் இதைப் பழகாமல் இருப்பது ஆபத்து. முந்தைய 49 கான்ஃபிக் வரை ரோல்பேக் செய்யலாம் என்பது உண்மைதான், ஆனால் லாகினே போய்விட்டால் எதை வைத்து ரோல்பேக் செய்வது?

இரண்டே ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம், சேசிஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டதா என்று கண்டுகொள்ளும் ஸ்ப்ளிட் டிடெக்‌ஷன். அது இயங்கிக்கொண்டிருந்தால், பேக்கப் அணைந்ததும் நல்ல நிலையில் இருக்கும் மாஸ்டர், தன்னிடம் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் இல்லை என்று கணக்குப் பார்த்து ஒதுங்கிவிடும். அதனால்தான் இரண்டு பெட்டிக்கு 'நோ ஸ்ப்ளிட் டிடெக்‌ஷன்' போடச் சொல்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இடையிலுள்ள இணைப்பு அறுந்தால் இரண்டுமே மாஸ்டர் ஆகிவிடும், இரண்டிடமும் ஒரே கான்ஃபிக், ஒரே ஐபி. ஒத்திசைவு நன்றாக வேலை செய்ததன் பலன்! சம்பா அறுவடை முடிந்ததும் எலிகள் வயலைவிட்டுக் கட்டடத்துக்குள் வரும் ஊர் என்பதால், எங்கள் இரண்டு பிளாக்குக்கும் நடுவே ஃபைபரை இரண்டு தனி வழியில் இழுத்திருக்கிறோம்.

இன்னொன்று: ஒத்திசைவது கான்ஃபிக் மட்டும். ஜூனோஸ் (ஜூனிப்பரின் இயங்குதளம்) வெர்ஷன் வேறாக இருக்கும் மாற்றுப் பெட்டியைச் செருகினால், 'ஆட்டோ சாஃப்ட்வேர் அப்டேட்' போடாதவரை அது 'இன்ஆக்டிவ்' என்று நிற்கும். கைமாறி வந்த பெட்டியை முதலில் ஸீரோய்ஸ் செய்து, பழையதை முழுக்க அழித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்வாக ஐபியை எம்இ0-இல் (ஒரு பெட்டியின் நிர்வாக போர்ட்) கொடுக்காமல் விஎம்இ-இல் (சேசிஸ் முழுமைக்கும் பொதுவான நிர்வாக இடைமுகம்) கொடுங்கள், மாஸ்டர் மாறினாலும் அது கூடவே போகும்.

கமிட் முடிய நேரமாகிறது என்று புதிதாக வருபவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு அது பொருட்டில்லை, திரையில் எஃப்பிசி0, எஃப்பிசி1 (உறுப்பினர் பெட்டிகளைக் குறிக்கும் பெயர்கள்) இரண்டுக்கும் கீழே 'கமிட் கம்ப்ளீட்' வந்தால் சரி. மறுபடி வாங்கச் சொன்னால் இதையே வாங்குவேன், மூன்று பெட்டியாக. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை தொடங்குமுன், கல்லூரி காலியாக இருக்கும்போது நானே மாஸ்டரை மாற்றிவிட்டு, புது மாஸ்டரில் வி-லேன்கள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.