திரும்பத் திரும்ப வரும் கட்டி: மாத்திரையா, மூக்குக் களிம்பா?

உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துப் பார்த்தும், அக்குளிலும் தொடையிலும் சீழ்க்கட்டி மாறி மாறிக் கிளம்பினால், அது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. மும்பைப் புழுக்கமும் லோக்கல் ரயில் நெரிசலும் அதற்கு நல்ல தோது.

ஒரு வழி, ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் மாத்திரை. சுலபம்தான். ஆனால் சீழ் கோத்த கட்டிக்கு டாக்டர் கீறி வடிப்பதுதான் முதல் வைத்தியம். மாத்திரை, ஏற்கெனவே வந்த கட்டியை ஆற்றும். ஆனால் மூக்கினுள் குடியிருந்து கட்டியை மறுபடி கிளப்பும் இதே கிருமி பெரும்பாலும் தப்பிவிடும். அடிக்கடி விழுங்கினால் மருந்துக்கும் அது மசியாது.

நான் தேர்ந்தது இன்னொன்று: மூக்குக்குள் தினம் இருவேளை மியூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு, குளிக்கும்போது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசல். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி இதை 5 நாள் செய்யலாம் என்கிறது. கரைசல் கண்ணிலோ காதுக்குள்ளோ படக்கூடாது. களிம்பையும் டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கும் கிருமி பழகிவிடும்.

இதெல்லாம் சின்ன வேலை. பெரிய பாடு துண்டுதான். அந்த வழிகாட்டியே துண்டு, படுக்கை விரிப்பு, உடுப்பு எல்லாவற்றையும் தினம் துவைக்கச் சொல்கிறது. சயானில் ஒற்றைப் படுக்கையறை வீடு, ஜூலை மழை, பால்கனிக் கொடியில் எதுவும் காயாது. குளியலறை ஆணியில் நாலு ஈரத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கினால் களிம்பு போட்டு என்ன பயன்? எங்கள் வீட்டில் இப்போது ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு ஆணி. கனத்த டர்க்கி துண்டுகளை மூட்டை கட்டிவிட்டு, சீக்கிரம் காயும் ஈரிழைத் துண்டுக்கு மாறினோம். மீதி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டி. ரேசரும் தனித்தனி. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எனக்கெதுக்குடா இந்தக் களிம்பு?" என்று அம்மா முரண்டு பிடித்தார். கட்டியே வராதவர் மூக்கிலும் கிருமி இருக்கலாம். மொத்தக் குடும்பமும் சேர்ந்து செய்தால் பலன் கூடுதல் என்று ஆய்வும் இருக்கிறது.

எனக்குக் கட்டி வரும் இடைவெளி நன்றாக நீண்டிருக்கிறது. அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். ப்ளீச் கலந்த குளியலையும் சிலருக்குச் சொல்கிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை.

எந்த வழியானாலும் முதலில் சீழ் கல்ச்சரும் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் சோதனை) சர்க்கரைப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். மூக்கு, உதட்டைச் சுற்றி வரும் கட்டியைப் பிதுக்கவே கூடாது.