பிரேக்கரா, ரிலேயா, பிடியூவா: கச்சேரி அரங்கின் மின்சாரத்தைத் தூரத்திலிருந்து இயக்க எது ஏற்றது?

டங்ஸ்டன் விளக்குகள் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. டிம்மரைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் விளக்கு அணைந்துவிடும், அத்தோடு முடிந்தது. இன்று மேலே தொங்கும் எல்இடி விளக்கும், தலையைத் திருப்பும் மூவிங் ஹெட் விளக்கும் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கணினி. வெளிச்சம் இல்லாவிட்டாலும் உள்ளே பவர் சப்ளை, மோட்டார்கள், விசிறி எல்லாம் உயிரோடு இருக்கும். கச்சேரி இல்லாத நாளிலும் அவை மின்சாரத்தை இழுக்கும், சூடாகும், தூசியை உறிஞ்சும், ஆயுளைக் கரைக்கும். அதனால் அவற்றுக்கு டிம்மர் வேண்டாம், முழு மின்சாரம் வேண்டும். வேலை முடிந்ததும் அது முழுதாக நிற்கவும் வேண்டும்.

அதற்குக் கிடைப்பவை முக்கியமாக நான்கு: மோட்டார் பொருத்திய பிரேக்கர் பேனல், ரிலே பேனல், ரேக்குக்குள் வைக்கும் நெட்வொர்க் பிடியூ (நெட்வொர்க் வழியே இயங்கும் பல அவுட்லெட் கொண்ட மின் பகிர்வுப் பெட்டி), ஒலிக்காரர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் பவர் சீக்வென்சர் (சாதனங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு அணைக்கும் பெட்டி). பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டளை பாதியில் நின்றால் என்ன ஆகும், மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், நான்கும் நான்கு திசையில் நிற்கும். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மோட்டார் பிரேக்கரும் ரிலேயும்

மோட்டார் பிரேக்கரில் பாதுகாப்பும் சுவிட்சும் ஒரே பொருள். வழக்கமான பிரேக்கரின் நெம்புகோலை உள்ளே இருக்கும் சிறு மோட்டார் தள்ளும். ரிலே பேனலில் பிரேக்கர் தன் வேலையை மட்டும் பார்க்கும், ஆன், ஆஃப் வேலையை அதற்கு அடுத்துள்ள ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், பார்க்கும்.

இதில் எது உறுதியானது என்பதற்கு லோடைப் பார்க்க வேண்டும். எல்இடி விளக்கின் பவர் சப்ளையில் காலியான கெப்பாசிட்டர்கள் இருக்கும். சுவிட்ச் போட்ட கணத்தில், ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்துக்கு, அது வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஒரே சர்க்யூட்டில் எட்டு விளக்கு இருந்தால் எட்டும் ஒரே கணத்தில் இழுக்கும். ரிலேயின் மேல் 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற எளிய லோடுக்கான கணக்கு. இந்தப் பாய்ச்சலில் அதன் கான்டாக்ட்கள் ஒட்டிக்கொண்டால், பிறகு எத்தனை முறை ஆஃப் சொன்னாலும் விளக்கு அணையாது. பிரேக்கரின் கான்டாக்ட் வேறு சாதி. ஷார்ட் சர்க்யூட்டில் ஆயிரக்கணக்கான ஆம்பியரை அறுப்பதற்காகச் செய்தது அது, எல்இடி பாய்ச்சலால் அதன் கான்டாக்ட் ஒட்டிக்கொள்வது அரிது.

ஆனால் பிரேக்கருக்கு வேறொரு எல்லை இருக்கிறது. சாதாரண எம்சிபி-க்கான (வீடுகளிலும் இருக்கும் சிறு பிரேக்கர்) ஐஇசி 60898 தரநிலை கேட்பது 4,000 முறை ஆன், ஆஃப் தாங்குவதை மட்டுமே. ஒத்திகைக்கு ஒரு முறை, கச்சேரிக்கு ஒரு முறை என்று நாளைக்கு இரண்டு தடவை வைத்தால் ஐந்தரை ஆண்டில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும். தினமும் சுவிட்சாகப் பயன்படுத்துவதற்கென்றே செய்த பிரேக்கர்கள் இதைவிடப் பல மடங்கு தாங்கும். எனவே பேனல் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் எண், முழு லோடில் எத்தனை சுழற்சி தாங்கும் என்பது. லோடு இல்லாமல் எத்தனை என்று சொன்னால் அது நமக்குப் பயன்படாது.

ரிலே பேனல் செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் மட்டும் மூடும், அதாவது ஆன் ஆகும், ரிலேக்கள் வந்திருக்கின்றன. எல்இடி விளக்குக்கு இது அருமையான ஏற்பாடு, பாய்ச்சல் வெகுவாக அடங்கிவிடும். ஆனால் அதே ரிலேயில் பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஆம்பை, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரை, மாட்டினால் கதை தலைகீழ். டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக மோசமான கணமே பூஜ்யத்தில் தொடங்குவதுதான். அதன் இரும்புக் கரு காந்தத்தால் நிரம்பிப்போய், மின்னோட்டம் எகிறி பிரேக்கர் ட்ரிப் ஆகும். விளக்குக்காக வாங்கிய பேனலில் நாலு சர்க்யூட் மீதி இருக்கிறதே என்று ஆம்ப் ரேக்கை அதில் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆம்புக்குள்ளேயே மெதுவாகத் தொடங்கும் சர்க்யூட் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், ஓரளவு ஈடுகட்ட அந்த சர்க்யூட்டுக்கு டி வகை பிரேக்கர் வேண்டியிருக்கும். சி வகை 5 முதல் 10 மடங்கு மின்னோட்டத்துக்குள் உடனே ட்ரிப் ஆகும், டி வகை 10 முதல் 20 மடங்கு வரை பொறுக்கும். கேபிளின் அளவும் நீளமும் அதற்கு ஒத்துவருகிறதா என்று எலக்ட்ரிசியன் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் மாற்றலாம்.

அடுத்தது மின்சாரம் போய் வரும் நேரம். மோட்டார் பிரேக்கரும், கட்டளை நின்றாலும் நிலையை மாற்றாத லாட்ச்சிங் ரிலேயும் இருந்த நிலையிலேயே நிற்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துப்போனாலும் நடந்துகொண்டிருக்கும் கச்சேரி இருளில் மூழ்காது, இது பெரிய பலம். ஆனால் மெயின் சப்ளை போய்த் திரும்பும்போது எல்லா சர்க்யூட்டும் ஒரே கணத்தில் உயிர்பெறும், அத்தனை பாய்ச்சலும் மெயின் பிரேக்கரின் தலையில் விழும். லாட்ச் இல்லாத ரிலேயோ கான்டாக்டரோ (பெரிய ரிலே) என்றால் தானாகத் திறந்துகொள்ளும், அதாவது ஆஃப் ஆகும், பிறகு வரிசையாகப் போடலாம். ஆனால் அதன் காயிலுக்குப் போகும் கட்டுப்பாட்டு மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் மேடை இருண்டுவிடும். இரண்டையும் சமாளிக்கும் பேனல்கள் இருக்கின்றன. மின்னழுத்தம் குறைவதை உணர்ந்து, மெயின் போனால் மட்டும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சப்ளை நிலைத்த பிறகு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக மூடும். அந்த வசதி இருக்கிறதா என்பதை நான் தொடுதிரை அழகுக்கும் கைபேசிச் செயலிக்கும் முன்னால் வைப்பேன்.

ரேக்குக்குள்: பிடியூவும் சீக்வென்சரும்

ஒலி, வீடியோ பக்கம் பிரச்சினை வரிசையில் இருக்கிறது. போடும்போது மிக்சரும் பிராசஸரும் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஓர் அடி விழும், ட்வீட்டர் போனால் போனதுதான்.

சீக்வென்சர் இதைச் சாவியைத் திருப்பியதும் செய்துவிடும். நெட்வொர்க் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், இரண்டு ஒயரைச் சேர்த்தால் வேலை செய்யும். சின்ன அரங்குக்கு இதைவிட நம்பகமான பொருள் எனக்குத் தெரியாது. அதன் குறை, அது நேரத்தை மட்டுமே எண்ணும் என்பது. ஒரு படிக்குச் சில விநாடி என்று வைத்திருப்பார்கள். டிஜிட்டல் கன்சோல் முழுதாக எழுந்து ஆடியோ நெட்வொர்க்கில் சேர அதைவிட நேரம் பிடிக்கும். கன்சோல் இன்னும் எழுந்துகொண்டிருக்கும்போதே ஆம்ப் தயாராகி நின்றால் வரிசை வைத்ததற்கே பொருள் இல்லை. இடைவெளியைக் கூட்ட முடிகிற மாடலை வாங்கி, தாராளமாகக் கூட்டிவையுங்கள்.

நெட்வொர்க் பிடியூ ஒரு படி மேல். ஒவ்வொரு அவுட்லெட்டும் தனியாக இயங்கும். நல்லவற்றில் ஒவ்வொன்றும் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்றும் தெரியும். மேடைக்கு இடப்பக்க ஆம்ப் பேசவில்லை என்றால், ரேக்கைத் திறக்காமலேயே அது மின்சாரம் இழுக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். உறைந்துபோன மீடியா சர்வரை (வீடியோவை ஓட்டும் கணினி) எழுப்ப இதைவிட விரைவான வழியும் இல்லை. ஆனால் வழக்கமாக அணைக்கும்போது முதலில் சர்வரை ஒழுங்காக ஷட்டவுன் செய்ய விட்டு, பிறகுதான் அவுட்லெட்டை அறுக்க வேண்டும்.

பிடியூவில் ஒரு வசதியை மட்டும் நான் அணைத்தே வைக்கச் சொல்வேன். ஒரு சாதனத்தை அது நெட்வொர்க் வழியே அவ்வப்போது பிங் செய்து பார்க்கும், பதில் வராவிட்டால் தானே அதை அணைத்து மறுபடி போடும். ஆளில்லாத சர்வர் அறைக்கு அது நல்லது. கச்சேரி நடுவில் யாரோ ஒருவர் கால் பட்டு நெட்வொர்க் கேபிள் கழன்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸரை அது கொன்றுவிடும்.

பிடியூவின் எல்லை அதன் அவுட்லெட். பொதுவான சி13 அவுட்லெட் 10 ஆம்பியருக்கானது, பெரிய ஆம்புக்கோ எல்இடி சுவரின் மெயின் கேபிளுக்கோ அது போதாது. அங்கே பேனல்தான்.

வைஃபை ஸ்மார்ட் பிளக்கைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். ஒன்றோடொன்று மோதாமல் மூன்றே சேனல் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில், ஆயிரம் பேரின் கைபேசிகளோடு அது போட்டிபோட முடியாது. பழைய டிம்மர் ரேக்கை 'நான்-டிம்' (மங்கவைக்காமல் ஆன், ஆஃப் மட்டும்) என்று மாற்றி மூவிங் ஹெட்டை ஓட்டுவதும் அப்படியே. உள்ளே தைரிஸ்டர் (டிம்மரின் மின்னணு சுவிட்ச்) இருக்கும்வரை அது சுத்தமான மின்சாரம் ஆகாது. ஆனால் ரேக் நல்ல நிலையில் இருந்து, டிம்மர் மாட்யூலுக்குப் பதிலாக ரிலே மாட்யூல் போட முடிந்தால், அது சிக்கனமான நல்ல வழி.

கட்டளை எந்த வழியில் போகிறது

விளக்குக்காரர்கள் ரிலே பேனலையும் டிஎம்எக்ஸிலேயே (கன்சோலிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை போகும் வழி) இணைத்துவிட விரும்புவார்கள். கேபிள் ஏற்கெனவே இருக்கிறது, கன்சோலில் ஒரு சேனல் ஒதுக்கினால் போதும். ஆனால் யாராவது கிராண்ட் மாஸ்டரை (எல்லா விளக்கையும் ஒன்றாகக் குறைக்கும் ஃபேடர்) இறக்கினால், அல்லது பிளாக்அவுட் பொத்தானை அழுத்தினால், அந்தச் சேனலும் பூஜ்யமாகும். பேனல் அதை ஆஃப் என்று எடுத்துக்கொண்டு எல்லா மூவிங் ஹெட்டுக்கும் மின்சாரத்தை அறுக்கும். பிளாக்அவுட்டை எடுத்த பிறகு வெளிச்சம் வராது. விளக்குகள் எல்லாம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தம் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும், பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். டிஸ்சார்ஜ் விளக்கு என்றால் இன்னும் மோசம். விசிறி நின்று சூடு உள்ளே தங்கும், பல்பு ஆறும்வரை மறுபடி எரியாது. டிஎம்எக்ஸ்தான் வேண்டும் என்றால் அந்தச் சேனலைப் பார்க் செய்து (ஒரே மதிப்பில் பூட்டி) மாஸ்டரிலிருந்து விலக்கிவையுங்கள், சிக்னல் நின்றால் கடைசி நிலையைப் பிடித்துவைக்கும்படி பேனலை அமையுங்கள். டிஎம்எக்ஸ்512-இல் பிழை சரிபார்ப்பு கிடையாது. ஆபத்தான வேலைகளுக்கு, அதாவது தூக்கும் மோட்டாருக்கும் வாணவேடிக்கைக்கும், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. அதனால் தூக்கும் மோட்டாரின் மின்சாரம் இந்த ரிலேக்களுக்கு அருகிலேயே வர வேண்டாம்.

நான் தேர்ந்தெடுப்பது இது. நிரந்தர அரங்கில் விளக்கு சர்க்யூட்களுக்கு மோட்டார் பிரேக்கர் பேனல், அல்லது எல்இடி மட்டுமே இருந்தால் பூஜ்யத்தில் மூடும் லாட்ச்சிங் ரிலே பேனல். எதுவானாலும் மின்னழுத்தம் குறைவதை உணரும் வசதி கட்டாயம். கன்சோல், சர்வர், பிராசஸர் ரேக்குகளுக்குப் பிடியூ. பெரிய ஆம்ப்களுக்கு மோட்டார் பிரேக்கர் பேனலில் கடைசி வரிசை. கட்டளை தனி விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதி) வழியாக, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றிய பிறகு. கூடவே மேடையோரச் சுவரில் ஒரு சாவி சுவிட்ச், நெட்வொர்க் செத்த நாளிலும் கச்சேரி நடக்க வேண்டுமே. ஊர் ஊராகப் போகும் குழுவுக்குப் பேனல் பொருந்தாது, ரேக்கிலேயே பயணிக்கும் பிடியூவும் சீக்வென்சரும் போதும். வெளியேறும் வழி விளக்குகள் இவை எதிலும் சேரக் கூடாது.

வேலை பார்க்க ஏணியில் ஏறுபவருக்கு இந்த நான்கில் எதுவும் பாதுகாப்பு அல்ல. திரையில் ஆஃப் என்று காட்டும் சர்க்யூட்டை வேறொருவர் எங்கிருந்தோ ஆன் செய்ய முடியும். ரிலே திறந்திருந்தாலும் அதற்கு முன்னால் உள்ள முனையில் மின்சாரம் இருக்கும். பேனலில் அந்த பிரேக்கரைக் கையால் இறக்கி, பூட்டு மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் விளக்கைத் தொட வேண்டும். சில பேனல்களில் பூட்டு மாட்ட இடமே விடுவதில்லை. அப்படிப்பட்டதை, மற்ற எல்லாம் பொருந்தினாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.