எங்கட வட்டார மெம்பரின்ர சனிக்கிழமை சேர்விஸ்: 5க்கு 3½ ஸ்டார்

நான் வழக்கமா கொத்துரொட்டிக் கடைக்கும் போன் திருத்திற கடைக்கும் தான் ரிவ்யூ போடுறனான், இது ஒரு பிரதேசசபை மெம்பருக்கு. சிரிக்காதேங்கோ, எங்கட வரிக்காசில நடக்கிற சேர்விஸ் தானே, ஸ்டார் போட்டா என்ன. அவா அடுத்ததா மாகாணசபைக்குக் கேக்கப் போறா எண்டு ஊருக்குள்ள கதை அடிபடுது, அதான் இப்பவே எழுதி வைக்கிறன்.

சனிக்கிழமை விடிய 9 மணிக்கு சனசமூக நிலையத்தில இருப்பா. பேப்பர் வாசிக்கிற நீள மேசையில அந்தப் பக்கம் பெடியள் கரம் அடிக்கிறாங்கள், இந்தப் பக்கம் அவா ஒரு சீ.ஆர். கொப்பியோட. பேனையை நூல் போட்டு மேசைக்காலில கட்டி வைச்சிருக்கு, இல்லாட்டி ஆராவது கொண்டு போயிடுவினமாம். போய்ச் சொல்லுறதை எல்லாம் நம்பர் போட்டு எழுதுவா, அந்த நம்பரை ஒரு துண்டில எழுதி எங்களிட்டயும் தருவா. எனக்கு 187.

என்ர பிரச்சினை ரெண்டு. ஒழுங்கை லைட் மூண்டு மாசமா எரியேல்லை, ரெண்டாவது, ஒழுங்கை போய் ஏறுற முன் ரோடு, மழை பெய்தா அதில சைக்கிளை ஓட்டேலாது, தோளில தூக்க வேணும். இதுக்கு முதல் நான் ஒரு கந்தோருக்குக் கடிதம் கொண்டு போனனான், அங்க இருந்தவர் உறையைத் திறக்காமலே இது எங்கட இல்லை எண்டார், சரி ஆற்ற எண்டு கேட்டா விசாரிச்சுப் பாருங்கோ எண்டார், அப்பிடியே பஸ்ஸில ஏறி இறங்கி மூண்டு இடம். இவா கேட்ட முதல் கேள்வியே "அண்ணை, உந்த ரோட்டுக்கு என்ன எழுத்து?" எண்டு. ஏ, பி எண்டு துவங்கிறது வீதி அபிவிருத்தி அதிகாரசபையின்ர, சி, டி எண்டா மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், மிச்ச ஒழுங்கையள் தான் சபைக்குள்ள வருமாம். அம்பது வயசில தான் எனக்கு இது விளங்கினது. "லைட்டை நான் பாக்கிறன், ரோட்டுக்குக் கடிதம் எழுதித் தாறன், ஆனா எப்ப போடுவினம் எண்டு நான் திகதி சொன்னா அது பொய் அண்ணை" எண்டா. அந்த ஒரு வசனத்துக்கே ஒரு ஸ்டார்.

மாகாணசபைக் கதையும் இதுக்குள்ள தான் வருது. வடக்கு மாகாணத்துக்கு எண்டு தனியா ஒரே ஒருக்கா, 2013 செப்ரெம்பர் 21, வோட்டுப் போட்டனாங்கள், 38 பேர் கொண்ட சபை, 2018 ஒக்டோபரோட அதின்ர காலம் முடிஞ்சுது. தொகுதி எல்லையளைப் புதுசாப் பிரிக்கிறம் எண்டு 2017ல சட்டத்தை மாத்தினவை, அடுத்த வருசம் அந்த எல்லை அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடிச்சுது, அதோட தேர்தல் அந்தரத்தில, ஆளுநர் தான் எல்லாம். என்ர 187இல பாதி, அதான் அந்த முன் ரோடு, கேள்வி கேக்க ஒரு மெம்பரும் இல்லாத மாகாணசபையின்ர கையில நிக்குது. அதால அவா அங்க போக நினைக்கிறதில பிழை சொல்ல மாட்டன்.

ஆள் சுயேச்சைக் குழு. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில வெண்டவா. பொம்பிளையளுக்கு 25 வீதம் ஒதுக்கின பட்டியலில வந்தவா எண்டு நக்கலடிக்கிறவைக்கு ஒண்டு சொல்லுறன், அவா வட்டாரத்தில நேரா நிண்டு வெண்டவா. முற்போக்கு எண்டு நோட்டீஸில அடிச்சிருந்தவா, நோட்டீஸில ஆரும் அடிப்பினம் தானே. ஆனா நான் இருக்கேக்கை துப்புரவு வேலை செய்யிற ஒருத்தர் நிரந்தர நியமனம் விசயமா வந்து வாசல்படியிலயே நிண்டார். அவா எழும்பிப் போய் கதிரையை இழுத்துப் போட்டு "உள்ள வந்து இருந்து கதையுங்கோ அண்ணை" எண்டு, எங்களுக்கு ஊத்தின அதே பிளாஸ்கில இருந்து அதே கிளாஸில தேத்தண்ணி குடுத்தா. எனக்குப் பக்கத்தில இருந்த ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் பேப்பரை மடிச்சு வைச்சிட்டு மெல்ல எழும்பிப் போட்டார். 1966 ஒக்டோபரில சாதித் தீண்டாமைக்கு எதிரா சுன்னாகத்தில இருந்து ஊர்வலம் வெளிக்கிட்டு, பிறகு தேத்தண்ணிக்கடை, மாவிட்டபுரம் கோயில் வாசல் எண்டு சனம் அடிவாங்கின இடம் இது, இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஒரு ஆளை எழுப்புது. அவா அதைக் கண்டவா, ஒண்டும் கதைக்கேல்லை, அவற்ற கதிரையில அடுத்த ஆளை இருத்தினா.

இனிக் குறையள். கதைக்கத் துவங்கினா நிப்பாட்டத் தெரியாது. ஒரு அம்மா நுண்கடன் கட்டேலாமல் வந்தவா, கல்குலேட்டரில வட்டியை அடிச்சுக் காட்டினது நல்லது தான், பிறகு அதில பிடிச்சு 20 நிமிசம் லெக்சர், ஆறு பேர் வெயிலில நிக்கிறம், அந்த அம்மாவே "பிள்ளை, நான் உலையில அரிசி போட்டிட்டு வந்தனான்" எண்டு எழும்பிப் போட்டா.

பெரிய கோவம் போட்டோவில. கூடத் திரியிற பெடியன் ஒருத்தன் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல், நான் சாரத்தோட கடிதத்தை நீட்டுற மாதிரி ஒரு படம் எடுத்து பேஸ்புக்கில போட்டிட்டான், அண்டைக்கு இரவு கனடாவில இருந்து மச்சான் கோல் எடுத்து "என்னடா, எலக்சன் கேக்கிறியோ" எண்டுறான். மெம்பருக்குக் கோல் அடிச்சுச் சொன்னன். "ஐயோ அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு பத்து நிமிசத்தில எடுப்பிச்சா, சரி, ஆனா மாகாணசபைக் கதை துவங்கின பிறகு தான் இந்தக் கமரா வந்தது, முந்தி இல்லை. ரெண்டு சனிக்கிழமை ஆள் வரவும் இல்லை, கூட்டமாம். கொப்பி மட்டும் மேசையில, கட்டின பேனையோட.

ரோடு அப்பிடியே தான் கிடக்கு, கடிதம் கிடைச்சது எண்டு பதில் மட்டும் வந்தது. லைட் 11 நாளில சரி, ஏணியோட ரெண்டு பேர் வந்து போட்டிட்டுப் போச்சினம்.

போறவை 8.45க்கே போங்கோ, கதிரை நாலு தான் இருக்கு. ரோட்டின்ர எழுத்தைக் கேட்டறிஞ்சு கொண்டு போனா நேரம் மிச்சம். போட்டோ வேண்டாமெண்டா வாசலிலயே சொல்லிப் போடுங்கோ. எங்கட ஒழுங்கை லைட் இப்ப பகலிலயும் எரியுது, அதையும் போய்ச் சொன்னனான், சிரிச்சுக்கொண்டு எழுதினா. நம்பர் 212.