கோட்டிங் கம்பியா, சாதாரணக் கம்பியா? புழுக்கமான ஊரில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எது கட்டுப்படியாகும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர், ஒலியை மட்டும் வைத்துக் கம்பி வாங்க முடியாது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் என்றால் சாயங்காலம் தவறாமல் மழை. கிட்டார் சாமான் வேண்டுமென்றால் பலரும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் ஆன்லைனில் ஆர்டர் கொடுத்துப் பார்சலுக்குக் காத்திருக்கிறார்கள். இங்கே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கம்பி எத்தனை வாரம் சுருதி நிற்கும்? என் கிட்டாரில் இப்போது இருப்பது கோட்டிங் போட்ட 10-46 செட் (முதல் கம்பி 0.010 அங்குலத் தடிப்பு, ஆறாவது 0.046). அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், காரணங்களைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஒப்பிடப் போவது இரண்டு வகை. ஒன்று, கோட்டிங் இல்லாத நிக்கல் முலாம் பூசிய எஃகுக் கம்பி. டாடாரியோ இஎக்ஸ்எல் 110, எர்னி பால் ரெகுலர் ஸ்லிங்கி போன்றவை இந்த வகை, எந்தக் கடையிலும் முதலில் எடுத்துக் காட்டுவதும் இவைதான். மற்றது, மேலே மெல்லிய பாலிமர் படலம் போட்டது. எலிக்சிர் நானோவெப், ஆப்டிவெப், டாடாரியோ எக்ஸ்எஸ் எல்லாம் இதில் சேரும். எலிக்சிர் கம்பியைச் செய்வது கோர்-டெக்ஸ் துணியால் பேர் வாங்கிய கோர் நிறுவனம். அதன் படலங்களில் பாலிவெப் தடிப்பானது, நானோவெப் நடுத்தரம், ஆப்டிவெப் ஆக மெல்லியது.

சுத்த நிக்கல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வேறு செட்டுகளும் உண்டு. சுத்த நிக்கல் கொஞ்சம் மென்மையான, பழைய காலத்து ஒலி. ஸ்டெயின்லெஸ் பளீரென்று பேசும், ஆனால் கடினமானது என்பதால் சாதாரண ஃபிரெட்டை (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) சீக்கிரம் தேய்க்கும். "ஸ்டெயின்லெஸ் வாங்கினால் துருத் தொல்லை தீர்ந்தது" என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெயர்கள் எல்லாம் 4, 5, 6-ஆம் கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் கம்பியைப் பற்றியவை. 1, 2, 3-ஆம் கம்பிகள் சுற்று இல்லாத மொட்டைக் கம்பிகள். எந்தப் பெயர் போட்ட செட்டை வாங்கினாலும் அந்த மூன்றும் பொதுவாக அதே எஃகுதான். நம் ஊரில் முதலில் துருப்பிடிப்பதும் அவைதான். ஆகவே சுற்று உலோகத்தை மாற்றினால் துரு பாதிதான் தீரும்.

துரு எப்படி வருகிறது என்றும் பார்த்துவிடலாம். மொட்டைக் கம்பியின் மேல் மிக மெல்லிய வெள்ளீய முலாம்தான் இருக்கும். விரல் தேய்ப்பிலும் ஃபிரெட்டில் உரசுவதிலும் அது போய்விடும். வியர்வையின் உப்பும் காற்றின் ஈரமும் மீதியை முடித்துவிடும். மேலிருந்து பார்த்தால் கம்பி பளபளவென்றே இருக்கும். விரல் நகத்தைக் கம்பிக்கு அடியில் விட்டு இழுத்துப் பாருங்கள், சொரசொரப்பு அங்கேதான் முதலில் தட்டும். அந்தச் சொரசொரப்போடு கமகம் வாசித்தால், ஒவ்வொரு இழுப்பும் ஃபிரெட்டை அரம் போல ராவும்.

சுற்றுக் கம்பிகளின் கதை வேறு. அவற்றில் துருவைவிட அழுக்குதான் வில்லன். தோல் துகளும் எண்ணெயும் வியர்வையும் சுற்றுகளுக்கு நடுவே போய் அடைந்துகொள்ளும். போதாததற்கு, ஒரே ஃபிரெட்டில் அழுத்தி அழுத்திக் கம்பியின் அடியில் பள்ளம் விழும். இதனால் ஒலி மங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய கேடு சுருதிக்கு. கம்பி அதன் நீளம் முழுக்க ஒரே சீரான எடையில் இருந்தால்தான் ஃபிரெட்டுகளின் கணக்கு பொருந்தும். ஒரு இடத்தில் அழுக்கு ஏறி, இன்னொரு இடத்தில் தேய்ந்து போனால் அந்தச் சீர் கெட்டுவிடும். திறந்த கம்பியை டியூனரில் சரியாக நிறுத்தினாலும் 7-ஆம் ஃபிரெட்டிலும் 12-ஆம் ஃபிரெட்டிலும் ஸ்வரம் விலகி நிற்கும். நீங்கள் டியூன் செய்துகொண்டே இருப்பீர்கள், கீபோர்டோடு மட்டும் சேரவே சேராது.

இதைச் சோதிக்க வழி எளிது. 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை மெல்ல வைத்து ஹார்மோனிக் எழுப்பி, டியூனர் காட்டுவதைப் பாருங்கள். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி வாசித்துப் பாருங்கள். புதுக் கம்பியில் இரண்டும் ஒத்துப்போய், இப்போது விலகினால் கம்பி செத்துவிட்டது என்று பொருள். பிரிட்ஜ் சேடலை (கிட்டார் உடலில் கம்பி உட்காரும் தாங்கி) திருகி அதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண். அடுத்த புதுச் செட் போட்டதும் எல்லாவற்றையும் திரும்பத் திருக வேண்டி வரும்.

கோட்டிங் கம்பியின் பக்கம் நான் சாய்வது இதற்காகத்தான். படலம் சுற்றுகளுக்கு நடுவே அழுக்கு இறங்க விடாது. எலிக்சிர் செட்டில் மொட்டைக் கம்பிகளுக்குத் துருத் தடுப்பு முலாமும் உண்டு. எக்ஸ்எஸ் செட்டில் மொட்டைக் கம்பிகளுக்கும் பாலிமர் பூச்சு இருக்கிறது. பள்ளம் விழுவதைக் கோட்டிங் தடுக்காது, ஆனால் அழுக்கும் துருவும் தள்ளிப்போவதால் சுருதி நிற்கும் காலம் நீள்கிறது.

இனி காசு. விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காகச் சாதாரண செட் 30 வெள்ளி (ரிங்கிட்), கோட்டிங் செட் 70 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் நாலைந்து நாள் வாசித்து, கை நன்றாக வியர்க்கிறவருக்குச் சாதாரண செட் 3 வாரம் தாங்குகிறது, கோட்டிங் 10 வாரம் தாங்குகிறது என்றால், ஆண்டுக்கு ஒரு பக்கம் 17 செட், 510 வெள்ளி. மறுபக்கம் 5 செட், 350 வெள்ளி. அதே நேரம், கை வறண்டிருப்பவர் ஒருவர் சாதாரண செட்டை 6 வாரம் ஓட்டுகிறார், கோட்டிங் அவருக்கு 12 வாரம் வருகிறது என்றால் கணக்கு திரும்பிவிடும். சாதாரணம் 9 செட், 270 வெள்ளி. கோட்டிங் 300 வெள்ளியைத் தாண்டும். விலை எத்தனை மடங்கோ, ஆயுள் அதைவிடக் கூடுதல் மடங்காக இருந்தால்தான் கோட்டிங் லாபம். இந்த எடுத்துக்காட்டில் அது 2.3 மடங்கு. வாரக் கணக்கு கைக்குக் கை பெரிதாக மாறும், சிலருடைய வியர்வை எந்தக் கம்பியையும் சீக்கிரம் கறுக்கச் செய்துவிடும். அதனால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு சாதாரண செட்டுக்கும் ஒரு கோட்டிங் செட்டுக்கும் போட்ட தேதியைக் குறித்து வைத்து, மேலே சொன்ன 12-ஆம் ஃபிரெட் சோதனை தவறும் நாளைப் பாருங்கள்.

கோட்டிங்கின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் சில நாள் விரலுக்கு வழுக்கும். உச்ச ஒலி ஒரு இழை குறையும். நானோவெப்பில் அது தெரியும், ஆப்டிவெப்பில் காதைத் தீட்டிக் கேட்டால்தான் தெரியும். ஆம்ப்பில் டிரெபிள் குமிழைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும், டிஸ்டார்ஷன் போட்டால் அந்தப் பேச்சே இல்லை. பிக் (மீட்டும் வில்லை) படும் இடத்தில், பிக்கப்புக்கு (ஒலி வாங்கும் காந்தம்) மேலே, படலம் பிய்ந்து நூல் நூலாகத் தொங்கும். பார்க்க அசிங்கம்தான், ஒலிக்கு அதனால் பெரிய கேடில்லை. சின்னக் கத்தரியால் வெட்டிவிடலாம், பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் இன்னும் நீளமாக உரியும்.

பெரிய குறை ஒன்று உண்டு. அடிக்கடி கம்பி அறுக்கிறவருக்குக் கோட்டிங் செட் காசுக்குக் கேடு. ஆனால் அதற்கும் முன், எங்கே அறுகிறது என்று பாருங்கள். எப்போதும் பிரிட்ஜ் சேடலில் ஒரே இடத்தில் அறுந்தால் அங்கே சின்னப் பிசிறு இருக்கிறது. 600 நம்பர் மணல் தாளை மடித்து, கம்பி உட்காரும் பள்ளத்தை நாலு முறை தேய்த்தால் போதும். தலைப்பக்கம் கம்பி சுற்றும் முறுக்காணியில் அறுந்தால் அதன் துளையின் விளிம்பைப் பாருங்கள். நடுவில், ஃபிரெட்டுக்கு மேலே அறுந்தால் அது பெரும்பாலும் துரு.

எப்படியிருந்தாலும் 010, 013 மொட்டைக் கம்பிகளைத் தனித்தனியாகவும் வாங்கிப் பையில் வைத்திருங்கள். விலை சொற்பம். கோட்டிங் செட் போட்டு, முதலில் போகும் மொட்டைக் கம்பிகளை மட்டும் இடையில் ஒருமுறை மாற்றினால் சுற்றுக் கம்பிகளின் முழு ஆயுளையும் எடுத்துவிடலாம். கோயில் திருவிழா மேடையில் இரவு பத்து மணிக்கு முதல் கம்பி அறுந்தால் எந்தக் கடையும் திறந்திருக்காது.

தடிப்பைப் பற்றிச் சுருக்கமாக. 9-42 செட் (009, 011, 016, 024, 032, 042) விரலுக்கு இலகு. 10-46 செட் (010, 013, 017, 026, 036, 046) ஒலிக்குக் கனம். ஃபெண்டர் வகை 25.5 அங்குல நீளத்தில் வழக்கமான சுருதிக்கு வைத்தால், முதலாவது ஏறக்குறைய 38 கிலோ இழுவிசை, இரண்டாவது ஏறக்குறைய 47 கிலோ. நம் பாட்டுகளில் கமகம் இழுப்பவர்களுக்கு 10 கடினமாகப் படும். ஆனால் பாடகர் குரலுக்காக அரைச் சுருதி இறக்கி வாசிக்கிற பேண்டாக இருந்தால் அதே 10-46 செட் 42 கிலோவுக்கு வந்துவிடும், இழுக்கவும் வரும், கார்டும் கணீரென்று நிற்கும். என் தேர்வு அதுதான். கிப்சன் வகையின் 24.75 அங்குல நீளத்தில் இறக்காமலே 44 கிலோ. தடிப்பை மாற்றினால் கழுத்தின் வளைவு, சேடலின் இடம், மிதக்கும் பிரிட்ஜாக இருந்தால் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கின் இழுவை எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு தடிப்பைத் தேர்ந்தபின் அதிலேயே இருங்கள்.

மாட்டும்போது கோட்டிங் கம்பிக்கு ஒரே ஒரு தனிக் கவனம். சுற்றுக் கம்பியின் நுனியை வெட்டுமுன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று உள்ளே கம்பியைச் செங்குத்தாக மடித்துக்கொள்ளுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று உள்கம்பியில் நழுவி, அந்தக் கம்பி முதல் நாளே மந்தமாகிவிடும். முறுக்காணித் தண்டில் சுற்றுக் கம்பிக்கு 2 முதல் 3 சுற்று, மொட்டைக் கம்பிக்கு 3 முதல் 4 சுற்று, மேலிருந்து கீழாக ஒன்றன் கீழ் ஒன்றாக. நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் கட்டை) பள்ளங்களில் பென்சில் கரியைத் தேயுங்கள். 12-ஆம் ஃபிரெட் பக்கம் கம்பியை மெதுவாகத் தூக்கி இழுத்து, திரும்ப டியூன் செய்து, சுருதி இறங்காத வரை இதையே செய்யுங்கள். மிதக்கும் பிரிட்ஜ் என்றால் ஆறையும் ஒன்றாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பராமரிப்பு இரண்டு வகைக்கும் ஒன்றுதான். வாசிக்குமுன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியில் விட்டு, ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்து முழு நீளமும் துடைக்க வேண்டும். மேலாகத் துடைப்பது பயன்படாது, துரு வருவது அடியில். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சுற்றுக்குள் அழுக்கைப் பசை போல ஒட்டிவிடும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், ஈரமான துணியை அதே பையில் வைக்காதீர்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை ஏர்கான். கல்யாண டின்னர் நடக்கும் குளிர் மண்டபத்திலிருந்தோ காரிலிருந்தோ கிட்டாரை வெளியே எடுத்தவுடன், குளிர்ந்த கம்பியின் மேல் வெளிக்காற்றின் ஈரம் பனியாகப் படியும். கண்ணுக்குத் தெரியாமலும் படியும். அந்த ஈரத்தோடு பையை மூடி வைத்தால் மறுநாள் மொட்டைக் கம்பியில் புள்ளி புள்ளியாகத் துரு. வெளியே வந்ததும் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்காமல் 20 நிமிடம் விடுங்கள், உலோகம் வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறங்கள். கம்பி சூடேறி நீளும்போது சுருதியும் இறங்கும் என்பதால், மேடையில் டியூன் செய்வதையும் அதற்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் கம்பியே போதும் என்று நான் சொல்வது மூன்று பேருக்கு: கை வியர்க்காதவர்கள், புதுக் கம்பியின் கணீர் ஒலிக்காக இரண்டு வாரத்துக்கொருமுறை எப்படியும் மாற்றுகிறவர்கள், இப்போதுதான் பழக ஆரம்பித்திருக்கிற பிள்ளைகள். பிள்ளைக்கு 70 வெள்ளிக் கம்பியைவிட ஒரு 9-42 சாதாரண செட்டும், அதை அடிக்கடி மாற்றிப் பழகும் கையும் நல்லது. மற்றவர்கள் கோட்டிங் வாங்கும்போது வழக்க விலையில் பாதிக்கு ஆன்லைனில் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம். பெயர்பெற்ற கம்பிகளுக்குப் போலி நிறையவே உலவுகிறது. உறையின் அச்சு மங்கலாக இருந்தாலோ, காற்றுப் புகாத உள்ளுறை இல்லாமல் காகிதத்தில் சுற்றி வந்தாலோ, கம்பி முனைக் குண்டைப் பிடித்திருக்கும் முறுக்கு தளர்ந்து ஆடினாலோ அதைக் கிட்டாரில் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.