கூரைச் சங்கா, இடுப்புப் பேஜரா?

அமெரிக்கச் சிற்றூர்களில் தீயணைக்க ஓடுபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 1736-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் தொடங்கிய தீயணைப்புச் சங்கத்தின் வழிவந்த மரபு இது. கடைக்காரர், உழவர், மெக்கானிக் என ஆளுக்கொரு வேலையில் இருப்பவர்களை உடனே திரட்ட என்ன வழி?

முதலில் மணி, பிறகு தீயணைப்பு நிலையத்தின் கூரையில் சங்கு, அதாவது சைரன். அது ஊதினால் ஊரே நிமிரும், சாலையில் வண்டிகள் ஒதுங்கும். எத்தனை முறை ஊதியது என்று எண்ணியே எந்தப் பகுதி என அறிந்த ஊர்களும் உண்டு. ஆனால் எந்த வீடு, என்ன ஆபத்து என்று சங்கு சொல்லாது. எதிர்க்காற்றடித்தால் தொலைவு வயலில் நிற்பவருக்குக் கேட்காமலே போகும்.

1970-களில் பரவிய பேஜர், அதாவது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு வானொலி அழைப்புக் கருவி, அந்தக் குறையைத் தீர்த்தது. முகவரியும் விவரமும் குரலாகவே வந்துவிடும். அங்கே தீயணைப்புத் துறைகளுக்கு இன்று வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ உதவிக்கானவை. நெஞ்சுவலி என்று முன்பே தெரிந்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்பதும் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே என் தேர்வு பேஜர்தான்.

ஆனாலும் சிக்னல் எட்டாத மலையூர்களில் சங்கைக் கழற்றிவிடுவது பெரிய தவறு. பேட்டரி தீர்ந்த பேஜர் மேசையில் கிடக்கும் இரவில் ஆளை எழுப்பக்கூடியது அது ஒன்றுதான்.